மன்னார்குடி மீத்தேனும் நம்ம சம்பூரும்

சம்பூர் அனல்மின் நிலையத்தைப் பற்றி எழுதினால் "அது முடிஞ்ச கதைதானே சேர்" என்று யாராவது கொமெண்ட் போடுவார்கள். முடிந்த கதைதான். எப்படி முடிந்தது என்று நம்ம பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. அதைச் சொல்ல முதலில் பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் போகவேண்டும்.

தஞ்சாவூர், திருவாரூர் நெல்வயல்களுக்குக் கீழே ஆழத்தில் பழுப்பு நிலக்கரி கிடக்கிறது. அதில் மீத்தேன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2010 ஜூலையில் மன்னார்குடிப் பகுதியில் 691 சதுர கிலோமீற்றரில் அதை எடுக்க கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி கம்பனியோடு இந்திய மத்திய அரசு ஒப்பந்தம் செய்தது. 2011 ஜனவரியில் தமிழக அரசும் புரிந்துணர்வு உடன்படிக்கை போட்டது.

இந்த வாயுவை எடுக்கும் முறைதான் பிரச்சினை. சோடாப் போத்தலின் மூடியைத் திறந்தால் வாயு கிளம்புகிறதே, அதுபோல. நிலக்கரிப் படுகையில் வாயுவைப் பிடித்து வைத்திருப்பது அங்குள்ள தண்ணீரின் அமுக்கம். தண்ணீரை இறைத்தால் அமுக்கம் குறைந்து வாயு கழன்று வரும். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, வருடக்கணக்கில் இறைக்கவேண்டும். வெளியே வரும் தண்ணீர் பெரும்பாலும் உப்பு. அதை எந்த வாய்க்காலில் விடுவது? கடலோர டெல்டாவில் நிலத்தடி நீர் இறங்கினால் கடல் உள்ளே ஏறும். கிணறு உப்பானால் என்ன நடக்கும் என்று கிண்ணியா ஆக்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய் இதைத்தான் சொன்னார். அந்தப் பிரசாரத்தின் நடுவிலேயே, 2013 டிசம்பர் 30இல், பட்டுக்கோட்டைக்குப் பக்கத்து அத்திவெட்டியில் மௌத்தானார். அதற்குச் சில மாதம் முன்பே ஜெயலலிதா அரசு திட்டத்தை நிறுத்திவைத்து நிபுணர் குழு அமைத்திருந்தது. 2015இல் அனுமதி இல்லையென்று முடிவானது. 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டமும் வந்தது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த எண்ணெய், எரிவாயுக் கிணறுகளை அது தொடவில்லை.

இனி நம்ம பக்கம். லிங்கநகரிலிருந்து சம்பூர், குடாவுக்கு அக்கரைதான். 2006இல் யுத்தத்தால் சம்பூர்ச் சனங்கள் இடம்பெயர்ந்தார்கள். அதே வருஷம் ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம்களும் அகதிகளாகக் கந்தளாய்க்குப் போனார்கள், ஆனால் சில வாரங்களில் திரும்பினார்கள். சம்பூராருக்கு அது வாய்க்கவில்லை. டிசம்பரில் இந்தியத் தேசிய அனல்மின் கூட்டுத்தாபனமும் இலங்கை மின்சார சபையும் திருகோணமலையில் 500 மெகாவோட் நிலக்கரி மின்நிலையத்துக்குக் கைச்சாத்திட்டன. இடம் சம்பூர் என்றானது. 2007இல் அது உயர் பாதுகாப்பு வலயம்.

மன்னார்குடி விவசாயி தன் வயலில் நின்றுகொண்டு மறித்தான். சம்பூர் விவசாயி முகாமில் இருந்தான், அவனிடம் கேட்கக்கூட ஆளில்லை. என் பார்வையில் இரண்டு கதைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான்.

2015, 2016இல்தான் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. சுற்றாடல் அமைப்பினர் தொடுத்த வழக்கில், நிலக்கரி நிலையம் கட்டப்போவதில்லை என்று 2016 செப்டம்பரில் அரசு உயர் நீதிமன்றத்தில் சொன்னது. குடாவின் மீன்காரருக்கு அது பெரிய நிம்மதி.

2025 ஏப்ரலில் அங்கே 120 மெகாவோட் சூரிய மின்நிலைய வேலை தொடக்கிவைக்கப்பட்டது. சாம்பல் இல்லை, சுடுதண்ணீர் கடலுக்குப் போகாது, நல்லதுதான். நிலம் மட்டும் வேண்டும். அந்த நிலத்தின் உறுதிகள் யார் கையில் இருந்தன என்று பழைய சம்பூர் ஆக்களிடம் கேட்டுப் பாருங்கள்.