காற்றைக் கேட்டு விரித்த நிழல்

முகாம் வண்டியின் பக்கவாட்டுத் துணிப்பந்தலை எப்போது விரிப்பது, எப்போது சுருட்டுவது என்று கேட்பவர்களுக்கு நான் ரோமாபுரிக் கதையைத்தான் சொல்வேன். வெயிலைப் பார்ப்பதற்கு முன் காற்றைப் பார்க்க வேண்டும் என்று அந்த ஊர் அறிந்திருந்தது.

நாடக அரங்கில் முதன்முதலாக நிழல்திரை கட்டியவர் குயிண்டஸ் காட்டுலஸ் என்கிறார் ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி. ஜூலியஸ் சீசர், நகரின் பொதுச் சதுக்கமான ஃபோரம் முழுவதையுமே துணியால் மூடினார். கி.பி. 80இல் திறந்த கொலோசியத்தின் உச்சியில், திரைக்கான மரக்கம்பங்களைத் தாங்க 240 கல் தாங்கிகள் இருந்தன. கயிறு இழுத்தவர்கள் யார் தெரியுமா? கடற்படை மாலுமிகள்! இந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் வியக்கிறேன். பாய்மரத்தில் பழகிய கைகளுக்குத்தானே, துணி எந்தக் கணத்தில் காற்றைப் பிடித்துக் கிழியும் என்பது தெரியும்.

பொம்பெயி நகரச் சுவர்களில் எழுதிய விளையாட்டு அறிவிப்புகள் பலவற்றில் ‘நிழல்திரை உண்டு’ என்ற வாக்குறுதியும் இருக்கிறது. கூட்டம் சேர அதுவும் ஒரு காரணம். ஆனால் காற்று எழுந்தால் வாக்குறுதி நிற்காது. வெயிலுக்கு அணியும் அகலத் தொப்பியைப் பற்றி எழுதும்போது கவிஞர் மார்ஷியல், தளபதி பொம்பேயுஸ் கட்டிய அரங்கில் காற்று திரையை விரிக்க விடுவதில்லை என்கிறார்.

காற்றல்ல, பேரரசன் கலிகுலாவே நிழலைப் பறித்ததும் உண்டு. உச்சி வெயிலில் திரையை விலக்கச் சொல்லி, யாரும் வெளியேறக் கூடாது என்று தடுத்தான் என வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார். அவன் செய்த கொடுமைகளில் இதைச் சிறியதென்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.