இருநூறு டாலரில் ஓர் அணி

அமெரிக்காவின் ஃபேன்டசி ஃபுட்பால் லீக் என்பது பத்துப் பன்னிரண்டு பேர் கூடி நடத்தும் கற்பனைப் போட்டி. ஒவ்வொருவரும் என்எஃப்எல் என்ற தொழில்முறை அமெரிக்க ஃபுட்பால் லீக்கின் ஆட்டக்காரர்களைக் கொண்டு தமக்கென ஓர் அணி சேர்த்துக்கொள்வார்கள். அந்த ஆட்டக்காரர்கள் மைதானத்தில் ஓடிக் கடக்கும் யார்டுகளும் எடுக்கும் டச்டவுன்களும் வாராவாரம் இவர்கள் கணக்கில் புள்ளிகளாக ஏறும். சீசன் தொடங்கும் முன் ஆட்டக்காரர்களைப் பங்கிட்டுக்கொள்ள இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, முறை வைத்து ஆளுக்கு ஒருவராக எடுப்பது. மற்றது, எல்லோருக்கும் ஒரே தொகையைக் கொடுத்து, ஒவ்வொரு ஆட்டக்காரரையும் ஏலத்தில் விடுவது. முறை வைத்து எடுக்கும் வழி ஃபுட்பாலோடு பிறந்தது. ஏலம் பேஸ்பாலிலிருந்து வந்தது.

முதல் ஃபேன்டசி ஃபுட்பால் லீக் கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் நகரத்தாருடையது. ஓக்லண்ட் ரைடர்ஸ் அணியில் சிறு பங்கு வைத்திருந்த தொழிலதிபர் பில் விங்கென்பாக் 1962இல் அணியோடு கிழக்குக் கரைக்குப் போயிருந்தார். அணியின் விளம்பரப் பொறுப்பாளர் பில் டனல், ஓக்லண்ட் டிரிப்யூன் நிருபர் ஸ்காட்டி ஸ்டர்லிங் ஆகிய இருவரோடும் நியூயார்க் ஓட்டல் ஒன்றில் உட்கார்ந்து விதிகளை எழுதினார். கிரேட்டர் ஓக்லண்ட் புரொஃபஷனல் பிக்ஸ்கின் பிராக்னாஸ்டிகேட்டர்ஸ் லீக் என்று நீட்டி முழக்கிப் பெயர் வைத்தார்கள். 1963 ஆகஸ்டில் விங்கென்பாக் வீட்டில் எட்டு அணிகள் கூடி, ஆளுக்கு இருபது பேரை முறை வைத்து எடுத்தன. முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் ஹூஸ்டன் ஆய்லர்ஸ் அணியின் ஜார்ஜ் பிளாண்டா. அடுத்துப் போனவர் ஜிம் பிரவுன். அந்த சீசனில் பிரவுன் 1,863 யார்டு ஓடி அதுவரை யாரும் தொடாத சாதனையைச் செய்தார். முதல் முறை கிடைத்தும் அதை நழுவவிட்ட கதை இப்படி முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது.

முறை வைத்து எடுப்பதில் ஒரு கோளாறு உண்டு: முதலில் எடுப்பவருக்கே அனுகூலம். அதைச் சமன்செய்ய, முதல் சுற்றில் கடைசியாக எடுத்தவர் அடுத்த சுற்றில் முதலில் எடுப்பார். வரிசை பாம்புபோல வளைந்து வளைந்து போகும். இதனால் அநீதி குறையும், ஆனால் முழுக்கத் தீராது. 2006இல் சான் டியாகோ சார்ஜர்ஸ் அணியின் லடேனியன் டாம்லின்சன் ஒரே சீசனில் 31 டச்டவுன் எடுத்தார். அவர் எவ்வளவு பெரிய ஆட்டக்காரர் என்று பத்துப் பேருக்கும் தெரிந்திருக்கலாம். சீட்டில் ஏழாம் இடம் விழுந்தவருக்கு அந்த அறிவால் பயனில்லை. தன் முறை வருவதற்குள் டாம்லின்சன் போய்விடுவார். ஏலத்தில் அப்படி இல்லை. விலை கொடுக்க மனம் இருந்தால் யாரும் யாரையும் எடுக்கலாம். ஏலத்துக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய வலுவான வாதம் இதுதான், இன்றுவரை இதற்குச் சரியான மறுப்பு வரவில்லை.

ஏலத்தின் வேர் ஒரு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. சமூகவியலாளர் வில்லியம் கேம்சன் 1960இல் ஹார்வர்டில் இருந்தபோது நண்பர்களோடு ஒரு விளையாட்டைத் தொடங்கினார். ஆளுக்குப் பத்து டாலர் கட்டணம்; கையில் ஒரு லட்சம் டாலர் கற்பனைப் பணம். அதைக் கொண்டு பேஸ்பால் ஆட்டக்காரர்களை ஏலம் கேட்க வேண்டும். சூதாட்டம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவோ என்னவோ, இதற்கு ‘பேஸ்பால் கருத்தரங்கு’ என்று பெயர் வைத்தார்கள். கேம்சன் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு மாறியபோது விளையாட்டும் கூடவே போனது. அங்கே அதில் சேர்ந்த பேராசிரியர்களில் ஒருவர் ராபர்ட் ஸ்கிளார். அவரிடம் படித்த மாணவர்களில் ஒருவர் டேனியல் ஓக்ரென்ட்.

ஓக்ரென்ட் பிறகு பதிப்புத் துறைக்குப் போனார். 1979 நவம்பரில் ஹார்ட்ஃபோர்டிலிருந்து டெக்சஸின் ஆஸ்டினுக்கு விமானத்தில் போகும்போது, ஸ்கிளார் சொன்ன விளையாட்டை விரிவாக்கி விதிகளை எழுதினார். ஆஸ்டினில் அதைக் கேட்டவர்கள் ஆர்வம் காட்டவில்லை. நியூயார்க் நண்பர்கள் மதிய உணவுக்குக் கூடும் ‘லா ரோட்டிசெரி ஃபிரான்சேஸ்’ என்ற உணவகத்தில் எடுத்துச் சொன்னபோது உடனே பற்றிக்கொண்டது. உணவகத்தின் பெயரே விளையாட்டின் பெயராகி, ‘ரோட்டிசெரி’ பேஸ்பால் ஆனது. 1980 ஏப்ரலில் முதல் ஏலம் நடந்தது. பத்திரிகையாளர்களும் பதிப்பாசிரியர்களுமாகச் சேர்ந்த அந்த முதல் லீக்கில் ஸ்கிளாரும் ஓர் அணி வைத்திருந்தார். ஓக்ரென்டின் அணிக்குப் பெயர் ‘ஓக்ரென்ட் ஃபெனோக்கீஸ்’. ஜார்ஜியாவின் ஓக்கஃபெனோக்கீ சதுப்பு நிலத்தின் பெயரில் தன் பெயரைப் பொருத்திச் செய்த சிலேடை. சீசன் முடிவில் வென்றவர் தலையில் யூ-ஹூ என்ற சாக்லேட் பானத்தை ஊற்றுவது வழக்கமாயிற்று. இவ்வளவையும் தொடங்கி வைத்த ஓக்ரென்ட் தன் லீக்கில் ஒருமுறைகூட வென்றதில்லை.

செய்தி பரவப் பத்திரிகைக்காரர்களே காரணம். 1981 மே மாதம் ‘இன்சைடு ஸ்போர்ட்ஸ்’ இதழில் ஓக்ரென்ட் ஒரு கட்டுரை எழுதினார். ஜார்ஜ் ஃபாஸ்டர் என்ற பேஸ்பால் ஆட்டக்காரர் 36 டாலர் பெறாமல் போன ஆண்டு என்பது அதன் தலைப்பின் பொருள். ஓர் ஆட்டக்காரரின் தகுதியை டாலரில் சொல்லும் பேச்சு அந்தத் தலைப்போடு அச்சேறியது. அடுத்த மாதமே பேஸ்பால் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆட்டம் இல்லாத நாட்களில் எழுத விஷயம் தேடிய விளையாட்டு நிருபர்களுக்கு இந்தப் புது விளையாட்டு கைகொடுத்தது. 1982 செப்டம்பரில் தொடங்கிய யூஎஸ்ஏ டுடே நாளிதழ் ஆட்ட விவரங்களை விரிவாக வெளியிட்டது. அதுவரை கையால் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய உதவி. 1984இல் கிளென் வாகனர் தொகுத்த விதிப் புத்தகம் வந்தது. ஆளுக்கு 260 டாலர், 23 ஆட்டக்காரர்கள் என்ற கணக்கு பேஸ்பாலில் நிலைத்தது.

அந்த ஏலமே ஃபுட்பாலுக்கும் வந்தது. அங்கே நிலைத்த தொகை 200 டாலர். இது பெரும்பாலும் கணக்குக்கான பணம்தான். மிச்சம் பிடித்தால் யாருக்கும் திரும்பக் கிடைக்காது. குறைந்தபட்சக் கேள்வி ஒரு டாலர். எடுக்க வேண்டிய ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு டாலராவது கையில் இருக்க வேண்டும். பதினைந்து பேர் கொண்ட அணியானால், முதல் ஆளுக்கு ஒருவர் கேட்கக்கூடிய உச்ச விலை 186 டாலர். மீதிப் பதினாலு டாலர் மற்றப் பதினாலு பேருக்கு. ஏலத்தில் சொல்லப்படும் எல்லா உத்திகளும் இந்த இரண்டு விதிகளிலிருந்து பிறந்தவை: மிச்சப் பணத்துக்கு மதிப்பில்லை, ஆனால் கடைசி ஆள்வரை பணம் தீர்ந்துவிடவும் கூடாது.

விலை நிர்ணயம் முதலில் ஊகமாகத்தான் இருந்தது; பிறகு அது கணக்கானது. பத்து அணிகள் என்றால் அறையில் மொத்தம் 2,000 டாலர். எடுக்கப்படுவோர் 150 பேர். ஆளுக்கு ஒரு டாலர் ஒதுக்கினால் மீதி 1,850 டாலர். இந்தத் தொகைதான் உண்மையில் போட்டிக்கு வருவது. இதை எப்படிப் பங்கிடுவது? ஒருவர் எடுக்கும் மொத்தப் புள்ளியைப் பார்த்தால் தவறிவிடும். எடுத்துக்காட்டாக, பந்தை எறியும் முதல்தரக் குவார்ட்டர்பேக் 380 புள்ளி எடுப்பார், ஏலத்தில் யாரும் தொடாமல் விடப்படும் குவார்ட்டர்பேக் 300 எடுப்பார் என்று கொள்வோம், இடைவெளி 80. பந்தோடு ஓடும் முதல்தர ரன்னிங் பேக் 300 எடுப்பார், அதே இடத்தில் யாரும் தொடாமல் விடப்படுபவர் 150 எடுப்பார், இடைவெளி 150. புள்ளி குறைவாக எடுத்தாலும் ரன்னிங் பேக்குக்கே விலை அதிகம். சும்மா கிடைப்பவரைவிட இவர் எவ்வளவு கூடுதல் என்பதே விலை. இந்தக் கணக்கை ஃபுட்பால் ரசிகர்களிடையே பரப்பியவர்களில் முக்கியமானவர் ஜோ பிரையன்ட்.

கணக்கு எல்லோர் கைக்கும் வந்ததும் வேறுபாடு செலவழிக்கும் பாங்கில் தெரிந்தது. ஒரு சாரார் இரண்டு மூன்று நட்சத்திரங்களுக்கே முக்கால்வாசிப் பணத்தைக் கொட்டிவிட்டு, மீதி இடங்களை ஒரு டாலர் ஆட்களால் நிரப்புவார்கள். இன்னொரு சாரார் உச்ச விலைகளை ஒதுங்கிப் பார்த்திருந்து, நடுத்தர ஆட்களை மலிவாக அள்ளுவார்கள். பேஸ்பாலில் ரான் ஷாண்ட்லர் முன்வைத்த ‘லிமா திட்டம்’ இந்த இரண்டாம் வகையின் உறவு: பந்துவீச்சுக்கு 260இல் 60 டாலருக்கு மேல் செலவழிக்காதே, மீதியை மட்டைக்காரர்களுக்கு வை என்பது அதன் சாரம். ஃபுட்பாலில் முதல் பாங்குக்கே பலம் அதிகம். பேஸ்பாலில் எடுத்த 23 பேரும் கணக்கில் வருவார்கள். ஃபுட்பாலில் வாரத்துக்கு ஒன்பது பேர் அளவில்தான் களத்தில் இறக்க முடியும். பெஞ்சில் இருக்கும் நல்ல ஆட்டக்காரரால் அந்த வாரம் ஒரு புள்ளிகூட வராது. அதனால் ஆழத்தைவிட உயரத்துக்கே மதிப்பு. ஆனால் இதில் ஆபத்தும் உண்டு: 70 டாலர் ஆட்டக்காரர் செப்டம்பரில் முழங்காலை முறித்துக்கொண்டால் அந்த அணியின் கதை அங்கேயே முடிந்தது.

மைதானத்து மாற்றங்கள் ஏல விலையிலும் எதிரொலித்தன. 2000களின் தொடக்கத்தில் ரன்னிங் பேக்குகளே ராஜாக்கள். 2004இல் என்எஃப்எல், பந்து வாங்க ஓடுபவர்களைத் தடுப்பாளர்கள் கைவைத்து மறிப்பதற்கு எதிரான விதியைக் கறாராக அமல்படுத்தத் தொடங்கியது. எறிந்தாடும் ஆட்டம் பெருகியது. 2012இல் டெட்ராய்ட்டின் கால்வின் ஜான்சன் ஒரே சீசனில் 1,964 யார்டுக்குப் பந்து பிடித்தார். ஓடுபவர்களுக்குப் போன பணத்தில் ஒரு பெரும் பங்கு பிடிப்பவர்களுக்குத் திரும்பியது.

ஏல அறைக்குள் நடப்பது தனிக் கலை. யாரை ஏலத்துக்கு விடுவது என்பதை அணிக்காரர்களே முறை வைத்துச் சொல்வார்கள். அனுபவசாலிகள் தமக்கு வேண்டாத, ஆனால் பெயர் பெற்ற ஆட்டக்காரர்களை முதலில் விடுவார்கள். மற்றவர் பணம் கரையட்டும் என்பது எண்ணம். சிலர் தமக்கு வேண்டாதவர் மலிவாகப் போகக் கூடாதென்று விலையை ஏற்றிவிடுவார்கள். அதற்கு நெஞ்சுறுதி வேண்டும். எதிராளி நிறுத்திவிட்டால் வேண்டாதவர் தலையில் விழுவார். கடைசிக் கட்டத்தில் கணக்கு இன்னும் கூர்மையாகிவிடும். ஒருவரிடம் 9 டாலரும் நான்கு இடங்களும், அடுத்தவரிடம் 7 டாலரும் நான்கு இடங்களும் மிஞ்சியிருக்கின்றன என்று வைப்போம். முதலாமவரால் 6 டாலர்வரை கேட்க முடியும். மற்றவரால் 4 டாலருக்கு மேல் முடியாது. முதலாமவர் ஐந்து டாலர் என்று சொன்னால் அறை அமைதியாகிவிடும், வேண்டியவர் அவருக்கே. இரண்டு டாலர் வித்தியாசம் அந்த நேரத்தில் அத்தனை பெரியது. மற்றவர் கைப்பணத்தையும் ஒரு தாளில் குறித்துவருபவருக்குத்தான் இது கண்ணில் படும்.

ஆட்டக்காரர்களை அடுத்த சீசனுக்கும் பழைய விலையில் வைத்துக்கொள்ளலாம் என்ற விதியுள்ள லீக்குகளில் பணவீக்கமும் வந்துவிடும். 600 டாலர் பெறுமானமுள்ளவர்களை எல்லோருமாகச் சேர்ந்து 400 டாலருக்கு வைத்துக்கொண்டால், மீதி 1,600 டாலர் 1,400 டாலர் பெறுமான ஆட்களைத் துரத்தும். விலைகள் ஏழில் ஒரு பங்கு ஏறும். பழைய பட்டியலோடு வந்தவர் எல்லா விலையும் அநியாயம் என்று ஒதுங்கி, கடைசியில் செலவழியாத பணத்தோடு நிற்பார்.

ஏலத்தின் நிரந்தர வியாதியை எண்ணெய்த் துறைப் பொறியாளர்கள் முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். கேப்பன், கிளாப், கேம்பெல் மூவரும் 1971இல் கடலடி எண்ணெய்க் குத்தகைகளை ஆராய்ந்து எழுதினார்கள்: ஒரே பொருளைப் பலர் மதிப்பிடும்போது, ஏலத்தில் வெல்பவர் பெரும்பாலும் மிகையாக மதிப்பிட்டவரே. ‘வென்றவரின் சாபம்’ என்று பெயர் பெற்ற இந்த உண்மை ஃபேன்டசி அறைக்கு அப்படியே பொருந்தும்.

கைப்பணக் கணக்கு எப்படி வேலை செய்யும் என்பதைத் தமிழ் வாசகர்கள் நிஜ ஏலம் ஒன்றில் பார்த்திருக்கிறார்கள். 2008 பிப்ரவரி 20 அன்று மும்பையில் நடந்த முதல் ஐபிஎல் ஏலத்தில் ஒவ்வொரு அணிக்கும் உச்ச வரம்பு 50 லட்சம் டாலர். சச்சின் டெண்டுல்கர் போன்ற ‘ஐகான்’ ஆட்டக்காரருக்கு, அணியில் அதிக விலைக்குப் போனவரைவிட 15 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். தோனியை 15 லட்சம் டாலருக்கு மும்பை எடுத்திருந்தால், டெண்டுல்கரோடு சேர்த்து இருவருக்கே 32 லட்சத்துக்கு மேல் போயிருக்கும். சென்னைக்கு ஐகான் இல்லை. அந்தச் சுமையும் இல்லை. தோனி சென்னைக்கு வந்தார்.

அமெரிக்காவில் யாகூ நிறுவனம் 1999இல் ஃபேன்டசி ஃபுட்பாலை இணையத்தில் இலவசமாக்கியது. ஏலமும் காலப்போக்கில் வீட்டு மேசையிலிருந்து கணினித் திரைக்கு இடம்பெயர்ந்தது. சில நொடி இடைவெளியில் யாரும் கூட்டிக் கேட்காவிட்டால் ஆள் போய்விடுவார். 2017 ஆகஸ்டில் ஈஎஸ்பிஎன் விளையாட்டுத் தொலைக்காட்சி தன் நிகழ்ச்சியில் ஏலக் காட்சி ஒன்றை நடித்துக் காட்டியது. பெரும்பாலும் வெள்ளையர்கள் நிறைந்த கூட்டத்தின் முன், வெள்ளையர் ஒருவர் ஏலம் கூற, ஓடெல் பெக்கம் ஜூனியர் என்ற கறுப்பின ஆட்டக்காரர் விலை பேசப்பட்டார். சார்லட்ஸ்வில் நகரில் வெள்ளை இனவெறியர்களின் ஊர்வலம் நடந்து சில நாட்களே ஆகியிருந்தன. அடிமைச் சந்தையை நினைவூட்டிய அந்தக் காட்சி பலரைப் புண்படுத்தியது. அந்தக் கோபம் நியாயமானது. மனிதர்களை ஏலம் விட்ட வரலாறு அந்த நாட்டில் கற்பனை இல்லை. ஈஎஸ்பிஎன் மன்னிப்புக் கேட்டது. பின்னர் துறை முழுவதும் ‘ஏலம்’ என்ற சொல்லைக் கைவிடும் போக்கு வந்தது. ஈஎஸ்பிஎன், யாகூ இரண்டும் இன்று இந்த முறையை ‘சம்பள வரம்புத் தேர்வு’ என்ற பொருளில் சாலரி கேப் டிராஃப்ட் என்கின்றன. தொடக்கத் தொகை அதே 200 டாலர்.