காவிரிப் படுகைப் புயல்களும் காலநிலை மாதிரிகளும்

வங்கக் கடலில் புயல் உருவாக ஏதுவான சூழல்கள், புவி வெப்பமடைவதால் எப்படி மாறும் என்பதைக் கணினி மாதிரிகளைக் கொண்டு ஆராய்வது காலநிலையியலின் ஒரு பிரிவு. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள் அடங்கிய காவிரி டெல்டாவுக்கு இது பிழைப்பை ஒட்டிய ஆய்வு. சம்பா, தாளடி நெற்பயிர்கள் வயலில் நிற்கும் அக்டோபர்–டிசம்பர் மாதங்களில்தான் இக்கரையைப் புயல்கள் அதிகம் தாக்குகின்றன.

எல்லாப் புயலும் ஒரே விதமாக அழிப்பதில்லை. 2008 நவம்பர் 27 அன்று காரைக்கால் அருகே கரையேறிய 'நிஷா' மழையால் அழித்தது. ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 செ.மீ. கொட்டியது, நெல் வயல்கள் மூழ்கின. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கடந்த 'கஜா' காற்றால் அழித்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. நெல் அடுத்த பட்டத்தில் எழும். தென்னை மீண்டும் காய்க்க ஆண்டுகள் ஆகும்.

இப்படிப்பட்ட புயல்களை மாதிரிகளில் நேரடியாகக் காண்பது கடினம். உலக அளவிலான காலநிலை மாதிரிகள் பல, பூமியைச் சுமார் 100 கி.மீ. கட்டங்களாகப் பிரித்துக் கணிக்கின்றன. அப்படி ஒரு கட்டத்துக்குள் டெல்டாவின் பெரும்பகுதி அடங்கிவிடும். சில பத்து கி.மீ. அகலமே உள்ள புயலின் கண் அதில் தெரியாது. ஆகவே புயலை நேரடியாகத் தேடாமல், அதற்கான சூழலைத் தேடுகிறார்கள்: கடல் மேற்பரப்பு வெப்பம் சுமார் 26.5 பாகை செல்சியஸுக்கு மேல் இருக்கிறதா, நடு வளிமண்டலத்தில் ஈரம் போதுமா, கீழ்க்காற்றுக்கும் மேல்காற்றுக்கும் இடையே வேக, திசை வேறுபாடு குறைவா, கீழ்மட்டத்தில் சுழற்சி உண்டா என்று. இவை ஒருசேர அமைய வேண்டும். கடல் சூடாக இருந்தும் மேல்காற்று வலுத்தால், திரளும் மேகக் கூட்டம் குலைந்துவிடும்.

உள்ளூர் விவரத்துக்கு நுண்கட்ட வட்டார மாதிரிகள் தேவை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரெக்சிஎம்3, பிரிசிஸ் ஆகிய வட்டார மாதிரிகளைக் கொண்டு காவிரிப் படுகை நெல் விளைச்சலின் எதிர்காலத்தைக் கணித்தனர். உலக அளவிலான மாதிரிகளிலும் இந்தியப் பங்கு உண்டு: புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய புவி மண்டல மாதிரி, காலநிலை மாதிரிகளை ஒப்பிடும் உலகத் திட்டத்தில் பங்கேற்ற முதல் இந்திய மாதிரி.

ஐ.நா. காலநிலைக் குழுவின் 2021 அறிக்கைப்படி, உலக அளவில் புயல்களின் மொத்த எண்ணிக்கை கூடாமல் இருக்கலாம் அல்லது குறையலாம். அவற்றுள் கடும் புயல்களின் பங்கும் மழைப்பொழிவும் கூடும். காற்று 1 பாகை சூடானால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும் என்பது மழை கூடுவதற்கு முக்கியக் காரணம்.

டெல்டாவுக்குப் புயல்களை மட்டும் எண்ணும் ஆய்வு போதாது. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் இலங்கையைக் கடந்தது புயலாகவே வலுக்காத ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்தான். அதன் மழையில், அறுவடைக்குக் காத்திருந்த சம்பா கதிர்கள் வயலிலேயே சாய்ந்து நனைந்தன.