மிச்சக் கப்பலின் விலை

2021 மே 20இல் கொழும்புக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ள் தீப்பிடித்தது. நைத்திரிக் அமிலக் கொள்கலன் ஒன்று கசிவது முன்பே தெரியும். கத்தாரின் ஹமத், இந்தியாவின் ஹசீரா ரெண்டும் இறக்க மறுத்த பிறகுதான் இங்கே வந்தது. பேலியகொடை மீன் சந்தையில் மீன் இருந்தது, வாங்கத்தான் சனம் பயந்தது.

2023 ஜூலையில் லண்டன் நீதிமன்றம் கப்பல்காரரின் பொறுப்பை 19 மில்லியன் பவுணோடு நிறுத்தியது. அழிவை அளந்து வந்த கணக்கில்லை அது. கப்பலின் தொன் அளவை வைத்துப் போடுகிற உச்சவரம்பு.

பழைய வித்தைதான். டைட்டானிக்கில் 1,500 பேர் வரை செத்தார்கள். அமெரிக்காவின் 1851ஆம் ஆண்டுச் சட்டம் கேட்டதோ, பயணம் முடிந்தபின் கப்பலில் மிச்சம் என்ன என்று. மிச்சம் உயிர்காப்புப் படகுகள்! பயணக் கட்டணத்தையும் சேர்த்தால் 92,000 டொலர் அளவு. உரிமையாளருக்குத் தெரிந்தே நடந்த பிழை என்றால் மட்டும் இந்த வரம்பு உடையும். அதை நிரூபிக்கிறது லேசா? 16 மில்லியன் கேட்ட குடும்பங்கள் 1916இல் 664,000 டொலருக்கு இணங்கின.

2025 ஜூலையில் எங்கட உயர் நீதிமன்றம் 1 பில்லியன் டொலர் கட்டச் சொன்னது. கம்பனி மறுத்தது. அது சொன்ன காரணமும் அதே வரம்புதான்.