வலசை வந்தவர்கள்

மன்னார் தீவுக்குள் நுழையும் பாலத்துக்குச் சற்று முன்னரே வங்காலைச் சதுப்பு நிலம் தொடங்கிவிடுகிறது. 2008 இல் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டு, 2010 இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற நிலம் அது. மாரி காலத்தில் பூநாரைகளையும் ஊசிவால் வாத்துகளையும் பார்க்கத் தொலைநோக்கியுடன் வருவோர் பலர். நானுஓயாவில் பிறந்த எனக்கோ, அக்கரையோரத்தில் நின்றபோது வேறொரு வலசைதான் நினைவுக்கு வந்தது.

கோப்பிக் காலத்தில் எம் முன்னோர் இறங்கியது இந்தக் கரையில்தான். தமிழகத்திலிருந்து தோணியில் வந்து, காட்டுப் பாதை வழியே மாத்தளைவரை நடந்தார்கள். வழியில் வாந்திபேதிக்கும் பட்டினிக்கும் பலியானோர் ஏராளம். தப்பியவர்கள் அறுவடைக்குக் கோப்பி பறித்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். உண்மையான பருவகால வலசை அது.

1869 இல் கோப்பிச் செடியின் இலைகளில் நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் மலையெங்கும் தேயிலை வந்துவிட்டது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. வருடம் முழுவதும் கொழுந்து எடுக்க ஆள் வேண்டும். ஆகவே வந்தவர்கள் லயங்களில் தங்கினார்கள், பிள்ளை பெற்றார்கள், அங்கேயே புதைக்கப்பட்டார்கள். 1885 இல் புகையிரதம் நானுஓயாவை எட்டியது. (கோடியக்கரையில் ஆய்வாளர்கள் பறவையின் காலில் எண் பொறித்த வளையம் மாட்டுவார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழிலாளரின் கழுத்தில் தொங்கிய தகர வில்லையிலும் எண் பொறித்திருந்தது.)

மூன்று தலைமுறை கழிந்தும் எம்மை வலசைப் பறவைகளாகவே கணித்தது 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம். 1964 ஒக்டோபர் 30 அன்று கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பிற்பாடு பார்ப்பதாக ஒத்திவைக்கப்பட்டது. சம்பந்தப்பட்டவர்களை எவரும் கேட்கவில்லை.

சித்தப்பா குடும்பம் நானுஓயாவில் கோச்சி ஏறிய நாளில் எனக்குப் பத்து வயதிருக்கும். மேடை முழுக்க ஒப்பாரி. தலைமன்னார் போய்க் கப்பலேறி, கடைசியில் கோத்தகிரிப் பக்கம் மறுபடியும் ஒரு தேயிலைத் தோட்டத்திலேயே குடியேறினார்கள்.

நுவரெலியா விக்டோரியாப் பூங்காவுக்கு ஆண்டுதோறும் காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்றொரு சிறு குருவி வருகிறது. இமயத்தின் வடமேற்கில் குஞ்சு பொரித்து, பனிக்காலத்தை எமது மலைகளிலும் நீலகிரியிலும் கழிப்பது அதன் வழக்கம். போன மார்கழியில் தொலைபேசியில் பேசும்போது அதைப் பற்றிச் சித்தப்பாவிடம் சொன்னேன்.

"தொண்டையில செவப்பா இருக்குமே, அதுவா? இங்கயும் வருதுப்பா" என்றார்.