காடையின் பெயரும் கடையின் பெயரும்: தென்காசி – குற்றாலம் வட்டார இறைச்சி உணவகங்களின் மீட்பு குறித்து

1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மண்ணாகவும் தென்காசி சென்னை மாநில மண்ணாகவும் இருந்தன. மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது செங்கோட்டை தமிழகத்துடன் இணைந்தது. ஆனாலும் இரு ஊர்களுக்கும் நடுவே உள்ள பிரானூரை மக்கள் இன்றும் ‘பார்டர்’ என்றே சொல்கிறார்கள். அங்கே உருவான பரோட்டா, நாட்டுக்கோழி, காடைச் சமையலுக்கு அதனாலேயே ‘பார்டர் கடை’ என்ற பெயர் நிலைத்தது. எந்த எல்லைக்கும் தொடர்பில்லாத நகரங்களில்கூட இன்று அந்தப் பெயரில் பலகைகள் தொங்குகின்றன. பழைய உணவகங்களுக்குப் புத்துயிர் தரும் முயற்சிகள் பெருகியுள்ள இக்காலத்தில் ஒரு கேள்வியை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது: ஒரு கடை மீட்கப்பட்டது என்று எதை வைத்துச் சொல்வது? பெயர்ப்பலகை, மரமேசை, வாழையிலை ஆகியவற்றை வைத்தன்று, அடுப்புக்கு வந்து சேரும் இறைச்சியை வைத்தே அதைச் சொல்ல முடியும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

இறைச்சியின் வகைகள் காலந்தோறும் மாறியே வந்துள்ளன. பெரும்பாணாற்றுப்படையில் ஒவ்வொரு நிலத்தாரும் பாணனுக்குத் தரும் உணவு வேறு. எயினர் குடியில் உடும்புக் கறி கிடைக்கிறது, உழவர் வீட்டில் வளர்ப்புக் கோழி கிடைக்கிறது. இறைச்சி அங்கே நிலத்தின் அடையாளமாக நிற்கிறது. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் குறவன் சிங்கன் கண்ணி வைத்துப் பறவை பிடிப்பது நாடகத்தின் ஒரு முக்கியப் பகுதி. மலையடிவாரத்துப் பிழைப்பில் பறவை வேட்டைக்கு இருந்த இடத்தை அதிலிருந்து அறியலாம். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்த உலகத்தை மூடியது. உடும்பு, காட்டு முயல், கௌதாரி, காட்டுக் காடை எல்லாம் அதன் காப்புக்குள் வந்தன. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயிர்வளத்தை எண்ணினால் அந்தச் சட்டம் முற்றிலும் சரி. மீட்பு என்ற பெயரில் காட்டு இறைச்சிக்குத் திரும்புவது பற்றிப் பேசவே இடமில்லை.

ஆனால் காடை என்ற சொல் உணவுப் பட்டியலிலிருந்து போகவில்லை. சொல்லின் பொருள்தான் மாறியது. இன்று குற்றாலத்தில் மிளகு போட்டு வறுத்து வருவது ஜப்பானியக் காடை. 1974இல் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலிருந்து இந்தியாவுக்கு வந்த இனம் அது. சென்னை நந்தனத்தின் கோழியின ஆராய்ச்சி நிலையமும் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதிலிருந்து தமிழகத்துக்கேற்ற வகைகளை உருவாக்கின. முட்டை 17, 18 நாளில் பொரியும், ஐந்தாறு வாரத்தில் குஞ்சு கறிக்கு ஆகிவிடும். பெயர்க் குழப்பம் அரசையும் விடவில்லை. 2011இல் இந்தப் பண்ணைக் காடைக்கும் கட்டுப்பாடு விதித்து, பின்னர் அதைத் தளர்த்த நேர்ந்தது. பண்ணைக் காடை குறைந்த உணவன்று. சிறு விவசாயிக்கு வருமானம், காட்டுக் காடைக்கு உயிர்ப்பிச்சை. ஆனால் அதைப் ‘பாரம்பரியக் காடை’ என்று பரிமாறுவது உண்மையன்று.

கோழியில் இந்த மாற்றம் இன்னும் ஆழமானது. நாட்டுக்கோழியை இறகு பிடுங்கி, மஞ்சள் தடவி, தீயில் வாட்டி, தோலோடு வெட்டுவது இப்பக்கத்து வழக்கம். வாட்டிய தோலின் மணமும் எலும்பின் சாறும் சேர்ந்துதான் பரோட்டாவின் மேல் ஊற்றும் சால்னாவுக்குக் கனம் தருகின்றன. ஐந்தாறு மாதம் மேய்ந்து ஒன்றரைக் கிலோவை எட்டும் கோழி நெடுநேரம் வேகும். வெந்த பின்னும் நார் நிற்கும். ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டும் பிராய்லரைத் தோலுரித்து அதே சட்டியில் இட்டால் மசாலா உள்ளே இறங்குவதற்குள் கறி கரையத் தொடங்கிவிடும். ‘ருசி கைப்பக்குவத்தில்தான்’ என்ற வாதம் இங்கே பாதிதான் செல்லும். அந்தக் கைப்பக்குவமே ஒரு குறிப்பிட்ட கோழிக்காக உருவானது. கோழி மாறினால் பழகிய கைக்கு வேலை இல்லாமல் போகும். ஆட்டிறைச்சிக்கும் இது பொருந்தும். கரிசல் பக்கத்துக் கன்னி ஆடும் கொடி ஆடும் எட்டயபுரம், மேலப்பாளையம் சந்தைகள் வழியே இன்னும் கிடைப்பதால் அங்கே இழப்பு சற்றுக் குறைவு.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பல்லடம், நாமக்கல் பண்ணைகள் கோழிக்கறியை விலை குறைத்து ஏழை வீட்டுக்கும் கொண்டுசென்றன. விருந்தாளி வந்தால் மட்டுமே கோழி அடித்த வீடுகளில் இப்போது ஞாயிறுதோறும் கறி மணக்கிறது. சாரல் காலத்தில் குற்றாலத்தின் ஐந்தருவிக்கும் பேரருவிக்கும் திரளும் கூட்டத்துக்கு நாட்டுக்கோழி போதவும் போதாது. இரண்டும் உண்மை. பிராய்லரை ஒதுக்கச் சொல்வது உண்பவரின் வயிற்றில் அடிப்பதாகும். என் வாதம் அதுவன்று: பிராய்லரை அதன் பெயரிலும் அதன் விலையிலும் விற்கட்டும், பழமையின் பெயரைச் சொல்லிக் கூடுதல் விலை வாங்கும் கடைக்கு மட்டும், அந்தப் பழமை வேர்கொண்டிருந்த வளர்ப்பைத் தாங்கும் கடமை உண்டு. போதாது என்பதற்கு விடை, தீர்ந்ததும் தீர்ந்தது என்று சொல்லி அடுப்பை அணைப்பது.

1957இல் ஆனந்த விலாஸாகத் தொடங்கிய திண்டுக்கல் தலப்பாக்கட்டி பிரியாணியின் புகழில் சீரகச் சம்பாவுக்கும் கன்னிவாடி ஆட்டுக்கும் பங்குண்டு. பின்னாளில் நீதிமன்றம் வரை சென்ற வழக்குகளோ பெயரைப் பற்றியவை. பெயரைக் காக்க வணிகக்குறிச் சட்டம் இருக்கிறது. இறைச்சியின் மூலத்தைக் காக்கவும் வழி இல்லாமலில்லை. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, தன் கடக்நாத் கருங்கோழி இறைச்சிக்கு 2018இல் புவிசார் குறியீடு பெற்றது. 2019இல் தனி மாவட்டமான தென்காசியும் தன் அடிவாரக் கிராமங்களின் கோழி வளர்ப்பைக் கணக்கெடுத்து, உணவகங்களோடு கொள்முதல் ஒப்பந்தம் செய்துவைக்கலாம். எந்த இனம், எத்தனை மாதம், எந்த ஊர் என்ற மூன்றையும் உணவகங்கள் விலைப்பட்டியலில் எழுதத் தொடங்க வேண்டும். தை மாதம் கிராமத்து வீட்டில் வளர்க்கக் கொடுக்கும் குஞ்சு, ஆனிச் சாரலில் கறிக்கு ஆகிவிடும்.