இணைப்பு வகுப்பும் ஆண்டுவாரிப் பாடத்திட்டமும்: கேமரன் மலைத் தோட்டப்பள்ளிகளை முன்வைத்து

பிரிஞ்சாங்கைத் தாண்டி திரிங்காப், கோலா தெர்லா, கம்போங் ராஜா எனச் செல்லும் சாலையோரத்தில் இன்று காய்கறித் தோட்டங்களின் நெகிழிக் கூரைகளே மிகுதி. தேயிலைத் தோட்டங்களில் கொழுந்தெடுப்பவர்களுள் வெளிநாட்டுத் தொழிலாளர் பெருகிவிட்டனர். தமிழ்க் குடும்பங்கள் பட்டணங்களுக்குப் பெயரப் பெயர, தோட்டப்பள்ளிகள் சுருங்கின. மலேசியக் கல்வி அமைச்சின் வரையறைப்படி 150 மாணவருக்குக் குறைந்தது 'குறைந்த மாணவர் பள்ளி'. எண்ணிக்கை 30-ஐ எட்டாத பள்ளிகளில் இரண்டு ஆண்டு மாணவரை ஓர் அறையில் சேர்த்து இணைப்பு வகுப்பு நடத்துவார்கள்.

இணைப்பு வகுப்பை நாம் பற்றாக்குறையாகவே பார்த்துப் பழகிவிட்டோம். கட்டடமும் கணினியும் கேட்கிறோம், கேட்கவும் வேண்டும். ஆனால் அங்கே கற்றலை முடக்குவது ஆண்டுவாரிப் பாடத்திட்டம் என்றே கருதுகிறேன். ஆசிரியர் ஒன்றாம் ஆண்டுக்குப் பாடம் நடத்தும்போது இரண்டாம் ஆண்டு கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும். பிறகு முறை மாறும். இரு தரப்புக்கும் கிடைப்பது பாதி ஆசிரியர்.

இதே நெருக்கடியைத் தலைகீழாக அணுகியவர்கள் உண்டு. ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலியில் பத்மநாப ராவ், ரமா ராவ் இணையர் ஓராசிரியர் கிராமப் பள்ளிகளுக்காகப் பாடத்தைச் சிறு அட்டைகளாகப் பிரித்து, ஏணிபோல அடுக்கினர். பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ அங்கிருந்து ஏறலாம். மூத்த பிள்ளை இளையதற்குச் சொல்லிக்கொடுக்கலாம். திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையை அறிந்த நமக்கு இது புதிதன்று. சென்னையில் இருந்த ஆண்ட்ரூ பெல் அதை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கண்டு, 'மதராஸ் முறை' என்று இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்.

2003 முதல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலும் பின்னர் தமிழகமெங்கும் ரிஷிவேலி முறை 'செயல்வழிக் கற்றல்' ஆகப் பரவியது. அட்டை எடுத்துக் கொடுப்பதே ஆசிரியர் வேலையாகிவிட்டது என்ற குறை அங்கே எழுந்தது; அதில் நியாயமும் உண்டு. சிறு பள்ளிக்கென வடித்த முறையைப் பெரிய வகுப்புகளுக்கும் நீட்டினால் ஆசிரியரின் கண் ஒவ்வொரு பிள்ளைமேலும் நிற்காது. பத்துப் பன்னிரண்டு பேர் உள்ள மலைப்பள்ளியில் அந்தத் தடை இல்லை. தமிழகத்தில் 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் வகுப்பைவிட நிலையையே முதன்மையாக்கி, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரிக்கிறது.

மலேசியாவில் இதற்கு இப்போது இடமிருக்கிறது. ஆறாம் ஆண்டு யுபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. வகுப்பறை மதிப்பீட்டில் ஆறு அடைவுநிலைகள் உள்ளன. அவை பதிவுக்கான எண்களாக நின்றுவிடாமல், நாளைக்கு இந்தப் பிள்ளைக்கு எதைக் கொடுப்பது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். இடைநிலைப்பள்ளியில் மலாய்வழிக் கல்வி காத்திருப்பதால், பிள்ளை மலாயில் பின்தங்கிவிடுமோ என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பே. ஆனால் தமிழில் வாசிக்கத் திணறும் பிள்ளையை மலாய்ப் பயிற்றியால் மட்டும் கரையேற்ற முடியாது.

ஏணியைத் தமிழகத்திலிருந்து அப்படியே இறக்குமதி செய்தாலும் பயனில்லை. மலேசியப் பாடத்தரத்தை ஒட்டி, பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடி அட்டைகளை எழுத வேண்டும். அவை பள்ளியின் சொத்தாக இருக்க வேண்டும்; இல்லையேல் ஆசிரியர் மாற்றலாகிப் போகும்போது ஏணியும் அவரோடு போய்விடும்.